துறை எண் 5432

இசாஃப்யொர்துரில் டிசம்பர்.
சூரியன் மலைக்குப் பின்னால் வந்து
மலைக்குப் பின்னாலேயே போய்விடும்.
விடிகாலை நான்கு என்று கணினி சொன்னால்
ஹல்பெரா நம்பியாக வேண்டும்.

கீழே மீன் ஏலக்கூடத்தில் யாரோ ஐஸ் வாருகிறார்கள்.
மேலே அவள், ஆறிய காபி,
முந்தாநாள் வரை அவள் கால்களுக்குச் சூடு தந்து
இப்போது மேசைக்கடியில் செத்துக் கிடக்கும் பழைய சர்வர்.

பழையதில் நான்கு வரிகள் இருந்தன.
பெயருக்கு ஒன்று, கடவுச்சொல்லுக்கு ஒன்று,
இடத்துக்கு ஒன்று, துறைக்கு ஒன்று.
புதியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்கிறது:
இன்னார், முக்காற்புள்ளி, இன்ன சொல்,
@
இன்ன இடம், இன்ன துறை.

துறை நல்ல சொல்.
ஜன்னலுக்கு வெளியே ஒன்று இருக்கிறது,
பதினொரு படகுகள், விளக்கெரிய.
உள்ளே இருக்கும் துறைக்கு எண் மட்டும்:
ஐந்து நான்கு மூன்று இரண்டு.
ஒன்று வருவதற்குள் நின்றுபோன எண்ணிக்கை.

நான்கையும் ஒரே சரமாகக் கோத்து ஓட்டினாள்.

ஹெய்ம் என்ற பெயரில் எந்த இயந்திரமும் இல்லை.

இல்லைதான்.
அப்படி ஒன்றை அவள் எழுதவே இல்லையே.
கேபிளைப் பிடுங்கிச் செருகினாள்.
தீச்சுவரை அணைத்தாள், பயந்துபோய் மறுபடி எழுப்பினாள்.
காத்திருக்கும் நேரத்தை ஐந்து நொடியிலிருந்து
முப்பதாக்கிப் பார்த்தாள்.
முன்பு போலவே பட்டென்று வந்தது பதில்.
இல்லாத ஊருக்கு யார் காத்திருப்பார்கள்?

ஹெய்ம் என்றால் அவர்கள் பேச்சில் 'வீடு நோக்கி'.
வீடுநோக்கி என்றொரு கணினியை
இந்த இருட்டில் தேடிக்கொண்டிருக்கிறது ஒரு நிரல்.

ஐந்தரைக்குத்தான் கண்ணில் பட்டது.
இதையெல்லாம் முதன்முதலில் எழுதியவன் ஓர்லிகுர்,
நிரல் போதும் என்று
தூண்டில் படகேறிப் போனவன்.
அவன் வைத்த கடவுச்சொல்:
ஹாவ்@ஹெய்ம்.
கடல், அப்புறம் அந்தச் சுழி, அப்புறம் வீடு நோக்கி.

முதல் சுழியைக் கண்டதுமே
சொல் தீர்ந்தது என்று முடிவுகட்டிவிட்டது இயந்திரம்.
கடலை மட்டும் கடவுச்சொல்லாகக் கையில் வைத்துக்கொண்டு
மிச்சத்தை இடத்தின் பெயரென்று தேடி அலைந்திருக்கிறது.

சுழியை எடுத்தாள்.
அந்த இடத்தில் ஒரு விழுக்காட்டுக் குறியும் நாற்பதும்.
முகவரிக்குள் சுழி போவதானால்
இந்த மாறுவேடத்தில்தான் போகமுடியும்.

இணைந்தது.
சத்தமெல்லாம் இல்லை. ஒரு வரிசை மட்டும்:
காட் மீன், முந்நூற்றுப் பன்னிரண்டு கிலோ, குடல் நீக்கியது.
படகின் பெயருக்கான கட்டம் காலி.

கடவுச்சொல்லை மாற்றவேண்டும்.
வேலையை விட்டுப் போனவனின் சொல்லை
வைத்திருக்கக் கூடாது என்பது விதி.
திங்கட்கிழமை பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுதி
திரையின் ஓரத்தில் ஒட்டினாள்.
முன்பே அங்கே மூன்று திங்கட்கிழமைகள் இருந்தன.

இன்னும் ஒன்று பாக்கி.
ஒரே சமயத்தில் எத்தனை இணைப்புகள்?
பத்து என்று இருந்தது.
ஏலத்துக்கு நாற்பது பேர் வருவார்கள்,
நாற்பது பேரும் கடைசி நொடியில்தான் கை வைப்பார்கள்.
பத்தை அழித்து இருபது என்றாள்.

போதுமா என்பது
மதியம் ஒரு மணிக்குத் தெரியும்.