பருந்து விரட்டுகிறவன்

நிலையத்தின் பெயரே பருந்து.
வடக்கத்தி அதிகாரி வாயில் 'பருண்டு'.
எனக்குச் சம்பளம் அதை விரட்ட.

உச்சிப்புளி ஓடுபாதை ஓரம்
விடியுமுன் வெடி போடுகிறேன்.
உடைமரத்தில் ஒன்று எழும்பும்,
சோம்பலாய் ஒரு வட்டம்,
திரும்ப அதே கிளை.

இங்கே காரல் காயப்போடாதே என்று
சவேரியம்மாளிடம் சொல்லப் போனேன்.
"கடலைத் தள்ளிப் போடச் சொல்லு" என்றாள்.
கச்சான் அடித்த வருஷம்
அவள் புருஷனின் வள்ளத்தைத் தேடி
மூன்று நாள் தாழப் பறந்தது
இங்கிருந்து போன ஹெலிகாப்டர்.
ஒரு பலகை கிடைத்தது.
அதற்கப்புறம் எந்தச் சத்தத்துக்கும்
அவள் நிமிர்வதில்லை.

பாதை வெள்ளைக்காரன் சண்டைக்குப் போட்டதாம்.
பிறகு கொஞ்ச காலம் ஆடு மேய்ந்ததாம்.
இப்போது பயணிகள் கூடம் வருகிறது.
அளவுக்காரர்கள் சுண்ணாம்பில் கோடு கிழித்தார்கள்:
அந்தப் பக்கம் துப்பாக்கி,
இந்தப் பக்கம் தள்ளுவண்டி, பெட்டி, துபாய் அத்தர்.
தார் மட்டும் இருவருக்கும் ஒன்று.

நேற்று வெடிக்குப் பயந்தோ பயப்படாமலோ
பருந்து நழுவவிட்ட காரல் ஒன்று
கோட்டின்மேலேயே கிடந்தது, பாதி தின்றபடி.

பதிவேட்டில் இரண்டு கட்டம் இருக்கிறது.
பேனாவை மூடாமல்
வெயிலில் நிற்கிறேன்.