இரண்டாவது பெட்டி

வெள்ளி பின்னேரம் காத்தான்குடி பைறூஸ்
பட்டா வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்.
"கவனம் தங்கச்சி, ஒவ்வொண்டும் பதினெட்டுக் கிலோ.
முதல் அம்பது மணித்தியாலம் சும்மா ஓடவிடுங்க,
அதுக்குப் பிறகுதான் வாய் திறக்கும்."
மூன்று சீட்டுக் காசு. நான் எண்ணிக் கொடுத்தேன்,
அவர் எண்ணாமல் வாங்கினார்.
பக்கத்து வளவு இராசமலர் வேலிக்கு மேலால் எட்டி
"என்னகா, கோயிலுக்கா?" என்றாள்.
"இல்ல, எனக்கு."
அது அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கல்லடியில், கடலுக்கு நானூறு மீற்றரில் எங்கள் வீடு.
பழைய பெட்டிகளின் செப்பு முனைகளில்
பாசி போலப் பச்சை பூத்திருந்தது.
உப்புக் காற்று எல்லாவற்றையும் தின்னும்:
சைக்கிள் செயின், கேற்றுக் கொண்டி,
பாட்டின் மேல் ஸ்தாயி.
கழித்துப்போட்ட பல் பிரஷால்
அம்ப்பின் முதுகைத் தேய்த்து
புது வயரைத் தோலுரித்து
சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று
இரண்டு தரம் வாய்விட்டுச் சொல்லிப் பூட்டினேன்.
முள்ளுக்கால்கள் சீமெந்தைக் குத்தாமல் இருக்க
அடியில் ஐந்து ரூபாய்க் குற்றிகள், எட்டு.
இந்த சிஸ்டத்திலேயே
மலிவான உதிரிப் பாகம் அதுதான்.

நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைகிறவள் நான்.
நாடா பிடிக்காமல் ஒரு பொருளையும் வைக்க மாட்டேன்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் ஏழடி,
சுவரிலிருந்து ஒன்றரை,
உள்நோக்கிக் கொஞ்சம் திருப்பம்.
கோடு இழுத்துப் பார்த்தால்
இரண்டும் சந்திக்கிற இடம் குசினி வாசல்.
அரிசி வாளிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில்
பிளாஸ்ரிக் கதிரை போட்டு இருந்தேன்.
இனி இந்த வீட்டில் யாருக்கும்
தண்ணீர் குடிக்க வழியில்லை.

எனக்கு மனப்பாடமான குழல் கச்சேரி ஒன்று.
முதல் சுரத்துக்கு முன்
ஒரு ஆள் மூச்சிழுத்தார்.
எங்கள் வீட்டில். அலுமாரிக்கு முன்னால்.
நான் எழும்பியே விட்டேன்.
மூன்றாம் நிமிடம், சன்னல் பக்கம்,
மிருதங்கத் தோலில் ஒரு மோதிரம் உரசியது.
இருபது வருடம் கேட்டிருக்கிறேன்,
அந்தக் கையில் மோதிரம் இருந்தது தெரியாது.

"இஞ்ச வாங்களேன், இந்தக் கதிரையில இருங்க."
புவிராசன் மீன் கழுவிய கையோடு வந்தார்.
அவருடைய இடது காது தொண்ணூறில் போனது.
எப்படி என்று இந்த வீட்டில் கேட்பதில்லை.
கலியாணம் முடித்த நாள் முதல்
அவருக்கு வலப்பக்கமாகவே நடக்கிற நான்
அந்த அவசரத்தில் அதை மறந்துபோனேன்.

கண்ணை மூடிக் கேட்டார்.
"நல்லாத்தான் கிடக்கு" என்றார்.
மறுகா,
"ரெண்டாவது பெட்டிக்கு என்னத்துக்குக் காசு குடுத்தாய்?"

சிரித்தேன்.
என் சிரிப்பு எனக்கே மோனோவில் கேட்டது.

நிறுத்தப் போன என்னைப் "பொறு" என்றார்.
தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினார்,
மெல்ல வலப்பக்கம்,
சத்தம் வந்த திசைக்குக் கோழி கழுத்தைச் சாய்க்குமே, அப்படி.
இருக்கிற ஒரு காதை
டோர்ச் வெளிச்சம்போல அறை முழுக்கக் கொண்டுபோனார்.
விரல் நீண்டது.
"மேளக்காரன் இந்தா."
சரி.
"வயலின் அங்கால."
சரி.
"குழல்காரன்…"
விரல் நடுவில் தயங்கியது,
போனது, வந்தது, பிறகும் போனது.
"இவன் சன்னல் பக்கம் விலகி இருக்கான்.
வலப் பெட்டி முன்னுக்கு நிக்குது புள்ள, ஒரு விரலுக்கு."

"நான் அளந்து வச்சது."
"சுவர்ல இருந்துதானே அளந்த.
சுவர் நேரெண்டு ஆர் சொன்ன?"
என்றவர் கதிரையைத் தாண்டி அடுப்புக்குப் போனார்.

நாடாவின் கொக்கியைக் கதிரை முதுகில் மாட்டி
பெட்டி பெட்டியாக இழுத்துப் பார்த்தேன்.
முக்கால் அங்குலம்.

முழங்காலில் இருந்து, குற்றிகளோடு சேர்த்து
வலப் பெட்டியைப் பின்னால் தள்ளத் தொடங்கினேன்.
குசினிக்குள்ளிருந்து,
மீன் பொரியும் சத்தத்துக்கு மேலால்,
"இன்னும் கொஞ்சம்" என்றார்.