நானுஓயாவில் தாமதம்

பனிக்குள் நிற்கிறது பதுளை ரயில்.
டேப்லட் வளையம் கைக்கு வராமல்
ஓரடி நகர்த்தமாட்டாராம் டிரைவர்.
மடியில் பேராதனை ஆய்வுகூடக் குறிப்பேடு.

கலத்தின் கருவுக்கும் இதே சட்டம்தான்:
வெட்டி ஒட்டாத ஆர்.என்.ஏ.
வாசல் தாண்டக் கூடாது.
வைரஸ் அவசரப்படுவதில்லை.
வெட்டுப்பட்டுச் சிறுத்த ஒரு செய்தியை
முதலில் ஒழுங்காக வெளியே விடுகிறது.
அது வெளியே புரதமாகி
திரும்பி உள்ளே வருகிறது.

மூன்றாம் தடவை வாசிக்கிறேன்:
திரும்பி
உள்ளே வருகிறது.

முழுநீள இழையின் ஒரு மடிப்பைப் பற்றி
கலத்தின் சொந்தச் சுமைகாரனையே கூப்பிட்டு
"நம்ம ஆள்தான், விடு" என்கிறது.
வாசல் விடுகிறது.

நோயைப் பற்றித்தான் எழுதுகிறேன், தெரியும்.
அந்த இரத்தக் குழாய்களில் பெயர் இல்லை,
இலக்கம் மட்டும்.
ஆனாலும் —

நாகபூஷணி என்று வைத்த பெயரை
தோட்டத்து கிளார்க் வெட்டி
பூசணி என்று எழுதிய சான்றிதழோடு
ஹப்புத்தளையை விட்டு வெளியே வந்தவள் நான்.
பையில் தம்பி தவேந்திரனின் விண்ணப்பம்,
ஓர் எழுத்தும் குறையாமல்.
கையெழுத்து வைக்கவேண்டியவர்
இன்றைக்கும் அதே கிளார்க்.

சிவப்பு விளக்கோடு யாரோ ஓடுகிறார்.
வளையம் வந்துவிட்டது போல.
பெட்டி ஒருமுறை குலுங்குகிறது,
மேலே, இன்னும் உள்ளே.