பெல்ட்

மதுரையிலிருந்து வந்த இன்சூரன்ஸ் ஆள்
முதலில் ஓடுகளை எண்ணினார்.
உடைந்தவை பதினேழு. கைமரம் ஒன்று முறிவு.
இரண்டாங்கட்டில் ஒரு பூக்கல் விரிசல்.
ஹோட்டலாகப் போகிற வீடு,
எல்லாம் கட்டடப் பாலிசியில் வரும் என்றார்.

பிறகு என்னை உட்காரச் சொன்னார்.

செவத்தியானுக்கு வயசென்ன?
நாற்பத்தொன்று. அட்டையில் முப்பத்தெட்டு.
வாரிய அட்டையா? இருக்கிறதா?
இருக்கிறது. ஆடியோடு காலாவதி.
புதுப்பிக்கப் போன அன்று சர்வர் இல்லை என்றார்கள்,
மறுநாள் கானாடுகாத்தானில் வேலை இருந்தது.
எத்தனை அடி உயரம்?
டேப்பை நீங்கள்தானே பிடித்தீர்கள், இருபத்தாறு.
குடித்திருந்தாரா?
காலையில் நீராகாரம்.
அதை எழுதிக்கொள்ளவில்லை.

பெல்ட் போட்டிருந்தாரா?

மேஸ்திரி காசிலிங்கம் தூணுக்குப் பின்னால் இருமுகிறார்.
பர்மாத் தேக்குத் தூண். அதற்கும் பாலிசி உண்டு.
சுவரில் புதிதாக மூன்று பெல்ட் தொங்குகிறது,
பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல்.
வாங்கியது போன வெள்ளி.
அவன் விழுந்தது அதற்கு முந்தின செவ்வாய்.

நாலு பேருக்கும் இருந்தது ஒன்று.
விளிம்பில் நிற்கிறவனுக்கு என்று பேச்சு.
அன்று விளிம்பு என்னுடையது.
கார்த்திகைத் தூறல், ஓட்டில் பாசி.
பத்தரைக்கு டீக்கு இறங்கினேன்,
கழற்ற மறந்து
பெல்ட்டோடே.
எதிர்க்கடை டீ மாஸ்டர்கூடக் கேட்டார்,
"யாருப்பா உன்னைக் கட்டிப்போட்டது?"
சிரித்தேன். வாயில் பாதி வடை.
ஒரு வரிசை ஓடு சரிகிற சத்தம் கேட்டது.
ஆள் விழுகிற சத்தம்
அதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

நான் வரும்வரை
அவன் சும்மா நின்றிருக்கலாம்.
சும்மா நின்றால் மேஸ்திரி அரைநாள் பிடிப்பார்.

இப்போது பெரியாஸ்பத்திரியில்
இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்ந்தாலும் தெரியாது.
அமலோற்பவம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை,
ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.
அவன்தான் கேட்டான்:
"மேற்கு மூலை ஒழுகுனது நின்னுச்சா?"

போட்டிருந்தான் என்றால்
அறுந்ததைக் காட்டு என்பார்கள்.
போடவில்லை என்றால்
கவனக்குறைவு என்று ஒரு வரி, அவன் பேரில்.
மேஸ்திரியின் இருமல் நின்றுவிட்டது.
பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து
அந்த ஆள் காத்திருக்கிறார்.

பழைய பெல்ட்
வெளியே என் சைக்கிள் கேரியரில்தான் இருக்கிறது.
கேட்டால் எடுத்து வருவேன்.
ஒரு நூல் பிரிந்திருக்காது.