அரை லிட்டர்

இரண்டு இரவுக்குத்தான் அனுமதிச் சீட்டு.
மூன்றாம் காலை எழுந்து பார்த்தால்
கயாக் இருக்கிறது,
அதைக் கட்டிய ஸ்ப்ரூஸ் மரம் இருக்கிறது,
கடலைக் காணோம்.
பத்தடிக்கு அப்பால்
மெய்ன் மாநிலம் முழுவதையும்
யாரோ ஈரத்துணியால் துடைத்திருந்தார்கள்.

தீவு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
சுற்றி வர நானூற்றுப் பதினொரு எட்டு,
நீர் வற்றினால் அறுநூறு சொச்சம்.
கூடாரம் போட ஒரே இடம்,
முன்னே வந்தவர்களின் முதுகளவுக்குப்
புல் படுத்துக் கிடக்கும் இடம்.
குழாய் இல்லை, கழிவறை இல்லை.
கொண்டுவந்ததெல்லாம் திரும்பக் கொண்டுபோக வேண்டும்,
வயிற்றில் கொண்டுவந்ததையும்.
அதற்கென்று மூடி இறுக்கிய வாளி ஒன்று
எனக்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு
ஊர் திரும்பக் காத்திருக்கிறது.

மரப்பெட்டிக்குள் நோட்டு, நூலில் பென்சில்.
"ஜூலை 9. மழை. கொசு. எங்கள் கல்யாண நாள்."
"ஜூலை 14. வெண்ணெயை நீர்நாய் தின்றுவிட்டது."
"ஆகஸ்ட் 2. டெரிலின் குறட்டை. இனி தனியாகத்தான் வருவேன்."
நான் "பனி" என்று எழுதினேன்.
அதற்குமேல் பென்சில் நகரவில்லை.

சுற்றிலும் அட்லாண்டிக்.
குடிக்க அரை லிட்டர்.

பேங்கரில், டயாலிசிஸ் வார்டில், பதினோரு வருடம்
தண்ணீரை அளப்பதுதான் என் பிழைப்பு.
நாளுக்கு ஒரு லிட்டர், மிஸ்டர் பெல்கி.
சூப்பும் கணக்கு. தர்பூசணியும் கணக்கு.
ஐஸ் துண்டும் தண்ணீர்தான் என்று
எத்தனை தடவை சொல்லியிருப்பேன்
எடை மெஷினின் எண்ணைப் பார்த்தபடி,
அவர் உதட்டைப் பாராமல்.
போன மாதம் பூச்சாடித் தண்ணீரைக் குடித்துவிட்டார்.
"ஒத்துழைக்கவில்லை" என்று பதிவு செய்தேன்.
அழகான கையெழுத்து எனக்கு.

இன்று புட்டி மூடியில் ஊற்றிக் குடிக்கிறேன்.
நாக்கு விழுங்க மாட்டேன் என்று
அதை வைத்துக்கொண்டே இருக்கிறது.
ஸ்ப்ரூஸ் ஊசிகளில் பனி கோத்துத் தொங்கியது.
கிளையை வளைத்து நக்கினேன்.
பாறைமேல் ஒரு நீர்க்காகம்
நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டது.

பதினொரு மணி இருக்கும், டீசல் சத்தம்.
எந்தத் திசை? எல்லாத் திசையும்.
விசில் ஊதினேன். எஞ்சின் தணிந்தது.
"யாரது? உயிரோடதானே?"
"உயிரோடதான்."
"அடி கிடி?"
"இல்லை. தண்ணிதான் குறைச்சல்."
கொஞ்ச நேரம் அவர் ரேடியோ மட்டும் கரகரத்தது.
"பாறை கண்ணுக்குத் தெரியல. கிட்ட வரமாட்டேன்.
நீர் ஏறுது, அதுவே கொண்டு வரும். பேரு?"
"ரோவீனா."
"எல்டன் ஆலி. வெளுக்கிறவரை கிளம்பாதே.
கிளம்பினவங்களைத் தேடி நான் ஒரு நாள் பொழப்பை விடணும்."
பிறகு அந்தக் குரலும் வெள்ளையாகிவிட்டது.

முழங்கால் நீரில் நின்றேன்.
குளிர் எலும்பை எண்ணிப் பார்த்தது.
நாற்பது நிமிடம் கழித்து
ஆரஞ்சும் வெள்ளையுமாய் ஓர் இறால் கூண்டு மிதவை,
பின்னால் கயிற்றில் நாய்க்குட்டியாய்
இழுபட்டு வந்தது ஒரு பிளாஸ்டிக் கேன்.

தூண்டில் இரையின் நாற்றமடிக்கும் நல்ல தண்ணீர்.
நின்றபடியே குடித்தேன்.
கழுத்தில் வழிந்து சட்டைக்குள் ஓடியது.
எவ்வளவு என்று கேட்டால் தெரியாது.

ஐந்து மணிக்குக் கரை திரும்பி வந்தது,
முதலில் எண்ணெய்த் தொட்டி, பிறகு மலை.
"பனி"க்குக் கீழே எழுதினேன்:
எல்டன் ஆலி, உங்கள் மிதவை என்னிடம்.

திங்களன்று பெல்கியின் லிட்டர் கூடிவிடாது.
அவர் சிறுநீரகம் என்னைக் கேட்டு நடப்பதில்லை.
ஐஸ் துண்டைக் கொடுத்துவிட்டு
அது கரையும்வரை பக்கத்தில் நிற்கலாம்.
அதற்கு விதியில் தடை இருக்கிறதா, பார்க்க வேண்டும்.

படகுத்துறையில் ஒரு பையன் கை கொடுத்தான்.
வாளியை வாங்கி எடை பார்த்தான்.
"நல்ல கனம்! மட்டியா?"
"இல்லை" என்றேன்,
"என்னுடையது."