அரைக் கிழங்கு

பெண் உள்ளே போனால் பொன் ஒளிந்துகொள்ளும்
என்பார்கள் அனனேயாவில்.
அதனால் சுரங்க வாய்க்கு வெளியே,
ஆண்கள் வேண்டாமென்று கொட்டிய கல்மேட்டில்
எங்கள் வேலை.
மின்னுவதை எடு. மங்கலை எறி.
முதல் பிரிப்பு கண்ணாலும் விரலாலும்.

பிறகு இடிப்பது. பிறகு அலசுவது:
கனத்தது அடியில் தங்கும்,
லேசானது ஓடையோடு போகும்.
கறுப்பு மணலை, உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய
காந்தத்தால் இலாரியோ இழுப்பான்.
இரும்பு மயிர்க்கூச்செறிந்து ஒட்டிக்கொண்டு வரும்.

மிஞ்சிய சேற்றில் பாதரசம்.
அதற்குப் பொன் வாசனை தெரியும், கல்லை ஏறிட்டும் பார்க்காது.
துணியில் கட்டிப் பிழிந்தால்
கூடாத சொட்டுகள் குப்பிக்குத் திரும்பும்,
துணிக்குள் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை,
நைதாவின் விழுந்த பல் அளவு.

இனி நெருப்பு.
உருளைக்கிழங்கைப் பாதியாய் அறுத்து, நடுவில் குடைந்து,
உருண்டையின் மேல் கவிழ்த்துத்
தகரத் தட்டில் சுடுவோம்.
ஆவிக்குப் போக வேறு இடமில்லை,
கிழங்கின் சதைக்குள் குளிர்ந்து நிற்கும்.
தட்டில் மஞ்சள்.
கிழங்கைத் தண்ணீரில் மசித்தால்
பாதரசமும் கைக்கு வரும்.
எதுவும் வீணில்லை என்பான் இலாரியோ.

அன்று மசிக்கவில்லை.
மின்சாரம் போயிருந்தது, பனி கொட்டியது.
அரைக் கிழங்கைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் படுத்தோம்,
விடிந்ததும் கல்மேட்டுக்குப் போய்விட்டோம்.

திரும்பியபோது அடுப்பில் பானை.
ஒன்பது வயது, முதல் சமையல்.
உப்பு, காய்ந்த கறி இரண்டு துண்டு,
வீட்டிலிருந்த கிழங்கெல்லாம் சின்னச் சின்னதாய்.
"சன்னல்ல பாதி கிடந்துதே, அதையும் போட்டேன்.
கருகினதைச் சீவிட்டேன்மா."

இலாரியோ கரண்டியால் கிளறினான்.
எல்லாம் வெள்ளை. எல்லாம் வெந்தது.
காந்தம் இங்கே எதை இழுக்கும்?
துணி எதைப் பிடிக்கும்?
நெருப்பு வைத்துப் பார்க்கலாமென்றால்
நெருப்பில்தானே இருக்கிறது!
சன்னலைத் திற என்று கத்தினேன்.

"சாப்பிட்டியா?"
"இல்லை. உப்பு பார்த்தேன்."
"எவ்வளவு?"
"நாக்கு நுனியில."

மண் கல்லாய் உறைந்திருந்தது.
கடப்பாரையால் அரைமணி நேரம்.
பானையோடு புதைத்து, நாயைக் கட்டிப்போட்டோம்.
இரவுக்கு ரொட்டி இருந்தது, தேநீர் இருந்தது.
நைதா அழவில்லை,
அடிக்கடி நாக்கை நீட்டிக்
கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் முதல் பேருந்தில் ஹூலியாகா.
பொன் வாங்குபவன் தராசில் வைத்தான், எடுத்தான்,
தன் அடுப்பில் மறுபடி சுட்டான்.
"முழுசாப் போகலையே" என்றான்.
எடை குறைந்தது.
கழித்த காசுக்கு ஒரு பானை வாங்கியிருக்கலாம்.

ஆஸ்பத்திரி எந்தத் தெரு என்று
அவனிடமே கேட்டேன்.
வெளியே நைதா
வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.