எச்சில்

இரவு இரண்டு மணிக்கு அண்ணனின் நாக்கு
மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
"த..." என்று தொடங்கி நிற்பார்.
தண்ணீரா, தர்மலிங்கமா, தெரியாது.
இரண்டுக்கும் நான்தான் எழவேண்டும்.

ஒரு மடக்கு. சற்றுப் பொறுத்து இன்னொன்று.
ரஸ்க் வேண்டாம்; பருப்பில் ஊறிய ரொட்டி.
சர்க்கரையில்லாத சூயிங்கம் கொடுத்தேன்,
பல்செட்டோடு வந்துவிட்டது.
சிரிக்கப் போய் உதடு வெடித்தது.
வாஸ்லின் தடவினேன்.

சாட்ஸ்வொர்த் பஸ்ஸில் முப்பது வருஷம்
கட்டைவிரலை நாவில் தொட்டுத் தொட்டு
டிக்கெட் கிழித்தவர்.
பிரஷர் மாத்திரையால் இருக்குமோ என்று
கிளினிக்கில் கேட்டேன்.
பார்க்கலாம் என்றார்கள்.

இன்று பென்ஷன் நாள்.
ராண்ட் நோட்டுகளை மடியில் வைத்து
விரலை வாய்க்குக் கொண்டுபோனார்.
இருவரும் காத்திருந்தோம்.

பிறகு
என் டம்ளரில் விரலை நனைத்துக்கொண்டு
எண்ணத் தொடங்கினார்.